பாண்ட் இல்லாத பாண்ட் ஷோ: பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

2023 நவம்பர் 10 அன்று அமேசானின் பிரைம் வீடியோவில் '007: ரோட் டு எ மில்லியன்' வெளியானது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் பெயரையும் அந்தப் படங்கள் எடுத்த ஊர்களையும் வைத்துச் செய்த ரியாலிட்டி கேம் ஷோ. எட்டு எபிசோட், எல்லாம் ஒரே நாளில். பாண்ட் ரசிகர்கள் பலர் பார்ப்பதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாண்டைப் பற்றி அவ்வளவாக அக்கறை இல்லாதவர்களோ சனி, ஞாயிறில் மொத்தத்தையும் பார்த்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்றார்கள். இந்த இரண்டு கோஷ்டிக்கும் நடுவே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. யார் எவ்வளவு ஜெயித்தார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றாலும் தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

பிரிட்டனைச் சேர்ந்த சாதாரண ஆட்கள், இரண்டிரண்டு பேராக ஒன்பது ஜோடிகள். உலகத்தின் பல மூலைகளில் ஒளித்துவைத்திருக்கும் கேள்விகளைத் தேடிப் போய் விடை சொல்ல வேண்டும். மொத்தம் பத்துக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னால் 10 லட்சம் பவுண்ட். அப்போதைய மதிப்பில் பத்துக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். கேள்வி கையில் கிடைப்பதற்கே மலை ஏற வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும், உயரத்துக்குப் பயப்படுபவர் உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி, வெனிஸ், ஜமைக்கா என்று பாண்ட் படங்களில் பார்த்த இடங்களாகவே போகிறார்கள். இதையெல்லாம் ஓர் அறையில் உட்கார்ந்து திரைகளில் பார்த்தபடி நக்கல் அடிப்பவர் 'தி கன்ட்ரோலர்'. அந்த வேடத்தில் பிரையன் காக்ஸ்.

இதில் ஜேம்ஸ் பாண்ட் வருகிறாரா?

இல்லை. வேறு பெயரில், வேறு வேடத்தில்கூட இல்லை. 

பாண்ட் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்களே, அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

கோபம் பாதி இந்த ஷோவின் மேல் இல்லை, காலண்டர் மேல்.

'நோ டைம் டு டை' 2021 செப்டம்பர் கடைசியில் வந்தது. டேனியல் க்ரெய்கின் கடைசி பாண்ட் படம். அடுத்த பாண்ட் யார், எந்த வயதில், எந்த இயக்குநர் கையில் என்று அன்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம், பாண்ட் படங்களில் பங்குள்ள எம்ஜிஎம் நிறுவனத்தை 845 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அமேசான் அறிவித்திருந்தது. 2022 மார்ச்சில் அந்த வியாபாரம் முடிந்தது. அதே மாதம் அமேசானிடமிருந்து பாண்ட் பற்றி ஓர் அறிவிப்பு. ஆவலாகத் திறந்து பார்த்தால் புதுப் படம் இல்லை, புது நடிகர் இல்லை. கேம் ஷோ.

அந்த நேரத்தில் ரசிகர்களுக்கு எழுந்த சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஸ்டார் வார்ஸையும் மார்வெலையும் ஓடிடிக்காக எப்படி எல்லாத் திசையிலும் இழுத்தார்கள் என்று பார்த்தவர்கள்தானே அவர்கள். 60 வருடமாகப் பெரும்பாலும் படம் மட்டும், அதுவும் சில வருடங்களுக்கு ஒன்று என்று அடைகாத்துவந்த பெயர் இது. தயாரிப்பாளர்கள் மைக்கேல் ஜி. வில்சனும் பார்பரா ப்ரோக்கலியும் கிளைக்கதை, வெப் சீரிஸ் என்று யார் கேட்டாலும் எளிதில் தலையாட்டாதவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அவர்களும் சேர்ந்து செய்த முதல் காரியமே இது என்றால் அடுத்தது என்ன என்ற பயம்.

எனவே ஷோ வெளிவந்த அன்று நிறையப் பேர் அதைப் பார்க்கவில்லை. வராத படத்தை அதில் தேடிக்கொண்டிருந்தார்கள். 

பிரையன் காக்ஸ் பற்றியே எல்லோரும் பேசுகிறார்களே?

பேசத்தான் செய்வார்கள். 'சக்ஸஷன்' தொடரில் லோகன் ராய் என்ற கிழட்டுச் சிங்கமாக ஐந்து வருடம் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்த மனிதர். அந்தத் தொடர் 2023 மே மாதம்தான் முடிந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பிரையன் காக்ஸ் ஒருவரை நான்கு வார்த்தையில் மட்டம்தட்டுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

இன்னொரு காரணம், அவரே ஒரு பேட்டியில் சொன்ன கதை. இந்த வாய்ப்பு வந்தபோது புதிய பாண்ட் படத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒப்புக்கொண்டாராம். ஒருவழியாக நமக்கும் பாண்ட் படம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தவருக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. ரசிகர்களுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, ஷோவைக் கிழித்தவர்கள்கூட அவரை விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவரைப் பயன்படுத்திய விதத்தில் குறை உண்டு, அதைப் பலரும் சரியாகவே பிடித்தார்கள். அவர் தனியறையில், போட்டியாளர்கள் எங்கோ மலையில். இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. அவர் சொல்லும் நக்கலுக்கு அவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. பாண்ட் படத்தில் வில்லன் காட்சி எதனால் இனிக்கிறது? எதிரில் பாண்ட் உட்கார்ந்து அவனை அளந்துகொண்டிருப்பதால். இங்கே வில்லன் டிவி பார்க்கிறார், நாம் அவர் டிவி பார்ப்பதைப் பார்க்கிறோம். முதல் இரண்டு எபிசோடில் இது சிரிப்பாக இருக்கிறது. ஆறாவதில் அவர் வரும்போது எனக்குக் கொஞ்சம் பாவமாகவே இருந்தது, இவ்வளவு பெரிய நடிகருக்குப் பேச ஆள் இல்லையே என்று.

கேள்விகள் சப்பையாக இருக்கின்றன என்ற புகார் உண்மையா?

கேள்விகள் சப்பை இல்லை. அவை அங்கே ஏன் இருக்கின்றன என்பதுதான் பிரச்சினை. இந்த ஷோவைப் பற்றிய புகார்களில் உருப்படியானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஜோடி பல மணி நேரம் மழையிலும் சேற்றிலும் நடந்து ஒரு சிகரத்தை அடைகிறது என்று வையுங்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு அழுகை. எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே காத்திருப்பது ஒரு பொது அறிவுக் கேள்வி. அதற்கும் ஏறிவந்த மலைக்கும் சம்பந்தம் இல்லை. விடை தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் குத்துமதிப்பு. தப்பாகிப்போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் பட்ட பாட்டுக்கும் கிடைத்த முடிவுக்கும் இடையில் கணக்கு ஒட்டவில்லை.

பணத்துக்குக் கேள்வி என்ற வடிவம் நமக்குப் புதிதில்லை. பிரிட்டனில் 1998-ல் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தமிழிலும் வந்ததே. சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஷோவின் பலம் நாற்காலி. போட்டியாளர் நகர முடியாது, கேள்வியும் அவரும் மட்டும். நாமும் வீட்டில் இருந்து கத்தலாம். யோசிக்கும் நேரமே நாடகம். 'ரோட் டு எ மில்லியன்' அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மலை உச்சியில் போட்டது. மலை நன்றாக இருக்கிறது, நாற்காலியும் நன்றாக இருக்கிறது. ஆனால் மலையில் ஏறும்வரை கேள்வி என்னவென்று நமக்கும் தெரியாது, கேள்வி வந்த பிறகு மலை தேவைப்படுவதும் இல்லை.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்? பாண்ட் படத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தவன் பிழைப்பான். வழியில் கண்ணில் பட்டது, யாரோ சொன்னது, ஒரு படத்தில் இருந்தது என்று எதையாவது போட்டியாளர்கள் மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் அதைப் பயன்படுத்தினால், பார்க்கிற நமக்கும் வேலை இருந்திருக்கும். மெதுவாகப் போகிறது என்று சொன்னவர்களின் மனக்குறையும் அடிப்படையில் இதுவே. காட்சிகள் நீளம் என்பதால் சலிக்கவில்லை. அந்த நீளத்தில் நாம் செய்வதற்கு எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒன்று சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு களைத்து, குளிரில் விரல் விறைத்து, எதிரில் லட்சக்கணக்கில் பணம் இருக்கும்போது சுலபமான கேள்வியும் சுலபமாக இருக்காது. உண்மைதான். எட்டாம் வகுப்பில் படித்தது நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் அந்த முகங்கள் ஷோவின் நல்ல தருணங்கள். 

போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவதே இல்லையாமே?

ஆமாம். ஒரு ஜோடி வெளியேறுவது இன்னொரு ஜோடி முந்தியதால் இல்லை, தப்பான விடை சொன்னதால். இதனால் ஓட்டப்பந்தயம் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பெயரில் 'ரோட்' இருக்கிறது, உலகம் சுற்றுகிறார்கள், அப்படியென்றால் 'அமேசிங் ரேஸ்' மாதிரி யார் முதலில் என்று இருக்கும் என நினைப்பது இயல்பு. இங்கே யாரும் கடைசி அல்ல, யாரும் முதல் அல்ல. எபிசோட் ஒரு ஜோடியிடமிருந்து இன்னொரு ஜோடிக்குத் தாவும்போது பதற்றம் வடிந்துவிடுகிறது.

எனக்கு இது குறையாகப் படவில்லை. வோட்டுப் போட்டு வெளியேற்றுவது, முதுகில் குத்துவது, அறையில் மறைந்து நின்று புறம் பேசுவது, இவற்றை நம் சேனல்களிலேயே நூறு நாள் பார்க்கிறோம். எதிரி இல்லாத போட்டி ஒன்று வந்தால் வரட்டுமே.

அப்படியானால் பிடித்தது என்றவர்களுக்கு என்னதான் பிடித்தது?

மனிதர்கள். கேட்ட எல்லா இடத்திலும் இந்தப் பதில்தான்.

ஒன்பது ஜோடியும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். கூடப் பிறந்தவர்கள், கணவன் மனைவி, சிநேகிதர்கள் என்று. ரியாலிட்டி ஷோக்களில் அந்நியர்களை ஒரு வீட்டில் அடைத்து அவர்களுக்குள் உறவு முளைக்கிறதா என்று காத்திருப்பார்கள். இங்கே உறவு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஒருவருக்கு நிஜமாகவே கால் நடுங்கும்போது மற்றவர் சொல்லும் ஆறுதல், திட்டு, கிண்டல் எல்லாம் பல வருடப் பழக்கத்திலிருந்து வருகிறது. 'நீ சின்ன வயசிலேயே இப்படித்தான்' என்ற தொனியில் அண்ணன் தம்பி சண்டை போடுவதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அப்புறம் இன்னொன்று. பாண்ட் எதற்கும் பயப்படாதவர். இவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள். வெனிஸில் பாண்ட் என்றால் கோட்டு சூட்டு. இவர்கள் தோளில் மூட்டையும் முகத்தில் திகைப்புமாக வழி தேடுகிறார்கள். அந்த முரண் தயாரிப்பாளர்கள் தெரிந்து வைத்ததே, அது பல இடங்களில் வேலையும் செய்கிறது. பாண்ட் படம் எப்போதுமே கொஞ்சம் சுற்றுலா விளம்பரம்தான் என்று ஒப்புக்கொண்டால், முதன்முதலாக வெளிநாட்டைப் பார்க்கும் ஒருவர் வாய் பிளப்பதும் பாண்ட் படத்தின் ஒரு பகுதியே.

என் பார்வையில், ஷோ பாண்டை மறந்துவிடும் நிமிடங்களில் நன்றாக இருக்கிறது. பாண்டை நினைவுபடுத்த முயலும்போதெல்லாம் தடுமாறுகிறது.

ஒளிப்பதிவைப் பாராட்டுகிறார்களே, உண்மையிலேயே சினிமா மாதிரியா?

ஆமாம். செலவு செய்த காசு திரையில் தெரிகிறது. இதில் சண்டைக்கே இடமில்லை.

எல்லாம் நிஜமா, செட்டப்பா?

'ஆளே இல்லாத மலையில் தனியாக விட்டார்கள் என்கிறார்கள், ஆனால் அவர்கள் உச்சிக்கு வரும்போது கேமரா முன்னாலேயே நிற்கிறதே' என்று கேட்காத ஆளில்லை. நிற்கத்தான் செய்யும். இந்த வகை நிகழ்ச்சிகளில் வழி முழுவதையும் முன்கூட்டியே ஆள்விட்டு நடந்து பார்ப்பார்கள், எங்கே கயிறு, எங்கே மருத்துவர், எங்கே கேமரா என்று முடிவு செய்திருப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் வேறு எப்படியும் அனுமதிக்காது. ஆபத்து கட்டுக்குள் இருக்கும், பயம் மட்டும் அசல். பயிற்சி இல்லாதவருக்குக் கயிறு கட்டியிருந்தாலும் உயரம் உயரம்தான்.

நிஜ ஆபத்து வேண்டுமென்றால் பழைய படங்களுக்குப் போக வேண்டும். 1973-ல் வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் பாண்ட் முதலைகளின் முதுகில் கால்வைத்து ஓடித் தப்பிப்பார். ஜமைக்காவில் இருந்த அந்த முதலைப் பண்ணையின் சொந்தக்காரர் ராஸ் கனங்கா, அவரே பாண்டாக நடித்த ரோஜர் மூருக்குப் பதிலாக நிஜ முதலைகள் மேல் ஓடினார். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. அந்தப் படத்து வில்லனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று எந்த ஓடிடி நிறுவனமும் அப்படி ஒருவரை ஓடவிடாது, விடவும் கூடாது.

ஸ்க்விட் கேம் ஷோவோடு ஒப்பிடுவது நியாயமா?

ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை, இரண்டும் அவ்வளவு நெருக்கத்தில் வந்தன. 'ஸ்க்விட் கேம்: தி சேலஞ்ச்' அதே 2023 நவம்பரில், 22-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அது படத்திலிருந்து பிறந்தது இல்லை, 2021-ல் வந்த கொரியத் தொடரிலிருந்து. 456 பேர், 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசு.

பார்வையாளர்கள் கோபப்பட்ட காரணம் இரண்டிலும் நேர் எதிர். ஸ்க்விட் கேம் ஷோ மூலக்கதையின் விளையாட்டு, உடை, பொம்மை, படிக்கட்டு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தக் கதை எதைக் கண்டித்ததோ அதை மட்டும் விட்டுவிட்டது. கடனில் மூழ்கியவர்களைப் பணக்காரர்கள் வேடிக்கை பார்ப்பது அநியாயம் என்று சொன்ன தொடரை வைத்து, பணத்துக்காக ஆட்கள் தவிப்பதை நாம் வேடிக்கை பார்க்கும் ஷோ. போதாததற்கு, இங்கிலாந்தின் கார்டிங்டனில் முன்பு ஆகாயக் கப்பல்கள் நிறுத்திய கொட்டகையில் ஜனவரிக் குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வைத்தார்கள் என்ற புகாரும் வந்தது. ஆனால் ஷோ விறுவிறுப்பு; திட்டிக்கொண்டே எல்லோரும் பார்த்தார்கள்.

பாண்ட் ஷோவில் இந்த அறச்சிக்கல் கிடையாது. பாண்ட் கதை எதையும் கண்டிக்கவில்லை, காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதன் பிரச்சினை வேறு: மூலத்திலிருந்து இடங்களையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, விளையாடுவதற்கான விதியை எடுக்கவில்லை. ஸ்க்விட் கேமில் விளையாட்டு கதைக்குள்ளேயே இருந்தது. பாண்ட் படத்தில் இருப்பது உளவு, வேஷம், பொய், சூது. இவற்றில் எதை வேண்டுமானாலும் விளையாட்டாக்கியிருக்கலாம். துரோகிகள் யார் என்று கண்டுபிடிக்கும் 'தி டிரெய்ட்டர்ஸ்' எந்தப் படத்தின் பெயரும் இல்லாமலே அதைச் செய்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல உளவாளி ஷோ.

பாண்டை டிவிக்குக் கொண்டுவந்ததே பாவம் என்கிறார்களே?

பாண்ட் திரையில் முதன்முதலாகத் தோன்றியதே டிவியில்தான்! 1954 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 'கசினோ ராயல்' கதையை நேரலை நாடகமாகப் போட்டார்கள். பாரி நெல்சன் என்ற அமெரிக்கர் பாண்டாக நடித்தார், 'ஜிம்மி' என்று அவரைக் கூப்பிடுவார்கள். வில்லன் பீட்டர் லோரி. ஷான் கானரியின் 'டாக்டர் நோ' வருவதற்கு எட்டு வருடம் முன்பு இது. 1991-ல் 'ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்' என்று பாண்டின் உறவுக்காரப் பையனை வைத்து 65 எபிசோட் கார்ட்டூன்கூட வந்தது. அதையும் தாண்டி அந்தப் பெயர் பிழைத்திருக்கிறது.

இதற்கு முன் சினிமா வரிசையை வைத்து வந்த ஷோக்களை ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

இரண்டைச் சொல்லலாம். 

2008-ல் விஎச்1 சேனலில் 'ஸ்க்ரீம் குயின்ஸ்'. பேய்ப்படங்களில் நடிக்க ஆசைப்படும் நடிகைகள் பத்துப் பேர் மோதினார்கள். பரிசு, 'சா' படவரிசையின் ஆறாவது படத்தில் ஒரு வேடம். அந்த வரிசையிலேயே நடித்திருந்த ஷானி ஸ்மித் நடத்தினார். நடுவர்களில் ஒருவர், பின்னாளில் சூப்பர்மேன் படம் இயக்கிய ஜேம்ஸ் கன். ஜெயித்த டனெட்ரா ஹோவர்ட் 2009-ல் வந்த படத்தின் முதல் காட்சியிலேயே பொறியில் மாட்டிக்கொண்டு தவித்தார், அடுத்த படத்திலும் தலைகாட்டினார். மலிவான ஷோதான். ஆனால் விளையாட்டுக்கும் படத்துக்கும் நேர்க்கோடு இருந்தது: நன்றாக அலறு, படத்தில் வா. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது, 2020 ஜூனில் யூடியூபில் வந்த 'ஸ்டார் வார்ஸ்: ஜெடாய் டெம்பிள் சேலஞ்ச்'. ஸ்டார் வார்ஸ் கதையில் வரும் ஜெடாய் வீரர்களுக்கான பயிற்சித் தேர்வுகளைச் சிறுவர்கள் ஜோடி ஜோடியாகத் தாண்டும் பத்து எபிசோட். சிறுவர் ஷோ என்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஆனால் அதை நடத்தியவரைப் பார்த்ததும் பெரியவர்களுக்குத் தொண்டை அடைத்தது. அவர் அகமது பெஸ்ட். 1999-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் செய்த ஜார் ஜார் பிங்க்ஸ் வேடத்துக்காக உலகமே அவரைக் கேலி செய்தது; உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்த அளவுக்குப் போனதாக 2018-ல் அவரே எழுதினார். அதே ஸ்டார் வார்ஸ் உலகத்தில் கம்பீரமான ஜெடாய் ஆசானாக, கெலரன் பெக் என்ற பெயரில், குழந்தைகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு நின்றார். கதை அங்கே முடியவில்லை. 2023 மார்ச்சில் ஸ்டார் வார்ஸ் தொடரான 'தி மாண்டலோரியன்'-இல் அதே கெலரன் பெக் வந்து குட்டி க்ரோகுவைக் காப்பாற்றினார். கேம் ஷோவில் பிறந்த ஒரு பாத்திரம் மூலக்கதைக்குள் நுழைந்துவிட்டது. படவரிசையை வைத்து ஷோ செய்பவர்களில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

இரண்டாவது சீசன் வந்ததா? வரவேற்பு மாறியதா?

வந்தது, 2025 ஆகஸ்டில். காக்ஸ் மறுபடியும் அதே நாற்காலியில். இடைப்பட்ட காலத்தில் வெளியே நிறைய மாறிவிட்டது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் படைப்பு உரிமை முழுவதையும் வில்சனும் ப்ரோக்கலியும் அமேசான் எம்ஜிஎம் கையில் விட்டார்கள். ஜூனில் அடுத்த படத்தின் இயக்குநர் டெனி வில்நோவ் என்று அறிவிப்பு. படம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்களின் பழைய எரிச்சலில் பாதி தானாகத் தணிந்தது. இலைக்கு முன்னால் வெகுநேரம் காக்க வைத்து அப்பளம் மட்டும் போட்டால் கோபம் வரும். சோறு வருகிறது என்று தெரிந்தால் அதே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இந்தியாவில் பாண்ட் படம் எடுத்திருக்கிறார்களே, முதல் சீசனில் அந்தப் பக்கம் வந்தார்களா?

வரவில்லை. வந்திருக்கலாம். 1983-ல் வந்த 'ஆக்டோபஸி' படத்தை உதய்ப்பூரில் எடுத்தார்கள். அதில் பாண்டுக்குத் துணையாக வரும் உளவாளி நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய். டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை அடிப்பார். ஒரு ஜோடியை உதய்ப்பூர் சந்தையில் ஆட்டோவில் ஏற்றி விரட்டியிருந்தால் எபிசோட் தானாக ஓடியிருக்கும்.

கடைசியில் யாருக்காவது முழுப் பணமும் கிடைத்ததா?

சொல்ல மாட்டேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

பாண்ட் படம் ஒன்றுகூடப் பார்க்காதவர் இதைப் பார்க்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் உங்களுக்குத்தான் இது அதிகம் பிடிக்கும், ஒப்பிட்டு ஏமாற எதுவும் இல்லை. எட்டையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், இரண்டிரண்டாகப் பாருங்கள். காக்ஸின் நக்கல் அலுக்காது. 

பார்த்த பிறகு ஊர்கள் மனதில் நின்றால் படங்களுக்குப் போகலாம். ஸ்காட்லாந்து பிடித்தவர்கள் 'ஸ்கைஃபால்' பாருங்கள், பாண்டும் அவருடைய மேலதிகாரி எம்மும் காரை நிறுத்திவிட்டு நிற்கும் பள்ளத்தாக்கு க்ளென் எட்டிவ். அதற்குப் பிறகு வரும் பழைய வீடு மட்டும் அங்கே இல்லை, இங்கிலாந்தின் சர்ரேயில் போட்ட செட். வெனிஸ் பிடித்தவர்களுக்கு 2006-ல் வந்த 'கசினோ ராயல்', ஒரு முழுக் கட்டடம் கால்வாயில் மூழ்கும். ஜமைக்காவுக்கு முதல் படமான 'டாக்டர் நோ'வே போதும். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங் அந்தத் தீவில் 'கோல்டன்ஐ' என்று பெயர் வைத்த தன் வீட்டில் உட்கார்ந்துதான் பாண்ட் கதைகளை எழுதினார்.